துளைக்கருவித் தேர்வும் நம் நாட்டு நாகசுரமும்

ஆண்டுதோறும் கல்லூரி திறந்து இரு திங்கள் கழிந்தபின் நம் பேண்டுக் குழுவிற்கு ஆள் தெரிந்தெடுக்கும் தேர்வு நடைபெறுதலை நாம் அனைவரும் அறிவோம். முழவுகட்கும் பித்தளைக் கருவிகட்கும் இடம் பல. கிளாரினெட்டு முதலிய துளைக்கருவிகட்கோ இடம் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அவ்விடத்தை விரும்பி வருவோர் பலர். ஆதலின் தேர்வு நெருங்க நெருங்க விடுதியின் மாடியிலும் விளையாட்டுவெளியின் ஓரத்திலும் எழுகின்ற ஒலியைக் கேட்போர், அங்கு நிகழ்வது இசைப்பயிற்சியோ குதிரைப்பந்தயமோ என ஐயுறுதல் இயல்பே. ஒருவர் ஓர் உருப்படியை மூன்று நிமிடத்தில் வாசித்தால் மற்றவர் அதனையே இரண்டரை நிமிடத்தில் முடிக்க விரைகின்றார். மூன்றாமவர் அவ்விருவரையும் வெல்லும்பொருட்டுக் கைப்பேசியில் அதனினுங் கடினமானதொன்றைத் தேடிப் பிடிக்கின்றார்.

இம்முறை தவறென்பது என் துணிபு. துளைக்கருவித் தேர்விற்கு ஆயத்தஞ் செய்வோன் முதற்கண் தேடற்பாலவை மூச்சும், அம்மூச்சாற் பிறக்கும் நாதமும், அந்நாதம் சுருதியிற் பிறழாது நிற்கும் நிலையுமேயாம். விரலின் விரைவு அவற்றின் பின்னர் வரற்பாலது. இவ்வுண்மையைக் கற்றற்கு நாம் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. காவிரிக் கரையில் நாகசுரம் பயின்றோர் தலைமுறை தலைமுறையாக இதனையே செய்து வந்துள்ளனர். அங்ஙனமிருந்தும், நாகசுரம் பயின்ற மாணவரைத் தேர்வு மண்டபத்தின் வாயிலிலேயே நிறுத்தித் திருப்பிவிடும் வழக்கம் நம்மிடையே உள்ளது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையன. ஆதலின் இரண்டையுஞ் சேர்த்தே கூறப் புகுந்தேன்.

தேர்வென்பது நம் கடற்கரைக்குப் புதுவதன்று. காரைக்காலினின்றும் வடக்கே தரங்கம்பாடியைக் கடந்து கடலோரமாகச் சென்றால் பூம்புகாரை அடையலாம். அவ்வூரிற் சோழ மன்னன் முன்னிலையில் நடந்ததொரு தேர்வை இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் விரித்துரைத்துள்ளார். ஐந்தாம் ஆண்டிற் பயிலத் தொடங்கிய மாதவி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் ஆண்டில் அரங்கேறித் தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெண் கழஞ்சு பொன்னும் பெற்றாள். மாதவியை நினைவிற் கொள்ளும் நாம் அவளுக்குத் துணைநின்றோர் வரிசையை எளிதில் மறந்துவிடுகின்றோம். ஆடலாசான், இசையாசான், புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவர்க்கும் உரிய இலக்கணம் அக்காதையில் உண்டு. பேண்டுக் குழுவிற் சேர விரும்பும் துளைக்கருவியாளர் அவற்றுட் குழலோன் பகுதியை மட்டுமேனும் ஒருமுறை ஊன்றிப் படித்தல் நலம்.

ஆண்டுக் கூறப்படும் தகுதிகள் யாவை? குரலும் இளியும் ஆகிய இரு நரம்பும் ஒத்தொலிப்பதைக் கேட்டுணருஞ் செவி ஒன்று. அஃதாவது சட்சமும் பஞ்சமமும் பொருந்தி நிற்றலை அறியும் ஆற்றல். தண்ணுமை முதல்வனொடு பொருந்திச் செல்லும் இயல்பு மற்றொன்று. பாட்டின் எழுத்துக்கள் மயங்காது தனித்தனி விளங்குமாறு ஊதுந் திறன் வேறொன்று. இக்காலத்து மேனாட்டுப் பேண்டுத் தலைவர் ஒருவரை அணுகி, கிளாரினெட்டாளரிடம் நீவிர் எதிர்பார்ப்பது யாதென வினவினும், சுருதி ஒற்றுமை, குழுவோடு இணைதல், நாவின் தெளிவு என்னும் இம்மூன்றையே அவர் முதலிற் கூறுவார். குழலோன் விரல் எத்துணை விரைவாக ஓடிற்று என்பதை அடிகள் ஓரிடத்தும் குறித்திலர்.

அடியார்க்கு நல்லார் உரையிலுங் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. குழலின் நீளம் இருபது விரல், சுற்றளவு நாலரை விரல் என்று அளவு கூறிய அவ்வுரையாசிரியர், அது செய்யப்படும் பொருள்களை ஆராயுமிடத்து, மூங்கில் பொழுதிற்கேற்ப மாறும் இயல்பினதென்றும், வெண்கலம் வலிய ஓசையதென்றும், மரம் எப்பொழுதும் ஒத்து நிற்பதென்றும் கருத்துப்படக் கூறுகின்றார். கடலோரத்தில் ஈரக்காற்றிலே கருவி பயில்வோர்க்கு இஃது ஏட்டுச்செய்தியன்று. நாள்தோறும் கைப்பட உணரும் செய்தியாகும். இதனைப் பின்னர்க் காண்போம்.

இனி நாகசுரப் பயிற்சிக்கு வருவோம். மயிலாடுதுறையினின்றும் கும்பகோணஞ் செல்லும் வழியில் உள்ளன திருவாவடுதுறையும் நரசிங்கம்பேட்டையும். முன்னது திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை அவர்கள் (1898-1956) பெயரோடு ஒன்றிய ஊர். பின்னது நாகசுரஞ் செய்யும் ஆசாரிமார் ஊர். அங்குச் செய்யப்படும் நாகசுரம் 2022ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றது. ஆச்சா மரத்தை, அதிலும் பழைய வீடுகளில் உத்தரமாகவும் தூணாகவும் பல்லாண்டு நின்று ஈரமெல்லாம் வற்றிய மரத்தைத் தேடி வாங்கிக் கடைந்து உலவு செய்கின்றனர். மரம் ஒத்து நிற்கும் என்னும் உரையாசிரியர் கருத்திற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? உயர்ந்த சுருதியும் குறுகிய உருவமும் உடைய திமிரி நாகசுரமே முன்னாளிற் பெருவழக்காயிருந்தது. இராஜரத்தினம் பிள்ளை விரும்பியவாறு நீண்டு தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பாரி நாகசுரத்தை, சுத்த மத்திமம் செம்மையாகப் பேசும்படி, நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியார் பலகால் முயன்று செய்தளித்தார். ஒரு சுரம் தூயதாக ஒலிக்கவேண்டும் என்பதற்காக ஒரு கருவியின் அளவே மாறிற்று. நாமோ அளவும் துளையும் குற்றமற அமைந்த கருவியைக் கையில் வைத்துக்கொண்டு சுருதியைப் பொருட்படுத்தாது ஓடுகின்றோம்.

மேளக் குழுவிற் சேர்ந்த சிறுவர் பலர் முதலிற் பிடித்தது நாகசுரமன்று, ஒத்தேயாகும். நாகசுரம் போன்ற உருவினதாய், விரல் வைத்து வாசிக்குந் துளைகள் இல்லாத கருவி ஒத்து. பெரியவர் வாசிக்கும்போது பின்னின்று ஆதார சுருதியாகிய ஒரே சுரத்தை இடையறாது ஊதுதல் அச்சிறுவன் தொழில். வாயிற் காற்று அறும் முன்னரே மூக்கால் மூச்சை ஈர்த்துக் கன்னத்தில் அடைத்த காற்றால் ஓசையை நிலைநிறுத்த வேண்டும். சுவாமி வீதி சுற்றி வருமளவும், இரவு நெடுநேரம் ஆயினும், அச்சுரம் ஆடலாகாது, அறலாகாது. இன்று அவ்விடத்தைச் சுருதிப்பெட்டி கைக்கொண்டுவிட்டது. பிறர் கூறுவதற்கெல்லாம் தலையசைப்பவனை ‘ஒத்தூதுகின்றான்’ என நாம் இகழ்கின்றோம். ஒருநாளேனும் ஒத்தூதிப் பார்த்தவர் அங்ஙனம் இகழார். ஒரே சுரத்தை ஊதிய அவ்வாண்டுகளில் அச்சிறுவனுக்கு வாய்த்தவை இரண்டு: அசையாத மூச்சு ஒன்று, பெரியவர் வாசிப்பைக் கேட்டுக் கேட்டுப் பண்பட்ட செவி மற்றொன்று. பின்னர்ச் சரளிவரிசையும் அலங்காரமும் மூன்று காலத்திற் பயிலும்போது விரல்கள் தாமே வழிக்கு வந்தன.

இது கீழ்நாட்டுப் பழங்கதை என்று எண்ணுவோர்க்கு மேனாட்டுச் சான்று ஒன்று தருவேன். இடையிடையே ஆங்கிலேயர் கைப்பட்ட காலம் நீங்கலாக, 1739 முதல் 1954 வரை எம் காரைக்கால் பிரெஞ்சியர் ஆட்சியில் இருந்தது. அவர்தம் தலைநகராகிய பாரிசிற்றான், இன்று உலகிற் பெரும்பாலோர் கைக்கொண்டுள்ள கிளாரினெட்டின் விசையமைப்பை 1839 முதல் 1843 வரையுள்ள ஆண்டுகளில் குளோசே என்னும் ஆசிரியரும் பூஃபே என்னும் கருவித் தொழிலாளரும் உருவாக்கினர். 1795இல் நிறுவப்பெற்ற பாரிசு இசைக் கல்லூரியில் ஆண்டிறுதிப் போட்டிக்கெனப் புதிய உருப்படிகளை எழுதுவிப்பது வழக்கம். 1910ஆம் ஆண்டின் கிளாரினெட்டுப் போட்டிக்காகப் புகழ்பெற்ற தெபுசி என்பார் ‘முதல் ராப்சொடி’ என்னும் உருப்படியை இயற்றினார். கண்டவுடன் வாசித்தற்கெனச் சிறியதொன்றும் உடன் எழுதினார். அம்முதல் உருப்படி எங்ஙனம் தொடங்குகின்றது? மிக மென்மையாக, மிக மெல்ல, கனவிற் கேட்பதுபோலத் தொடங்குகின்றது. விரைவும் துள்ளலும் பின்னர் வருகின்றன. மாணாக்கர் திறத்தை அளக்க வந்த அப்பேரிசைஞர் முதற்கண் அவர்தம் மெல்லிய நாதத்தை அளந்தார். மென்மையாக ஊதும்போது மூச்சின் குறை ஒவ்வொன்றும் வெளிப்படும். விரைவாக ஊதும்போது அவை மறைந்துகொள்ளும். நம் மாணவர் விரைவை நாடுதற்குக் காரணமும் இதுவே போலும்.

நிற்க. ஆயத்தம் யாங்ஙனம் செய்தல் வேண்டும் என்று என்னை வினவுவோர்க்கு யான் கண்டவற்றைக் கூறுகின்றேன். விடியலில் முதல் அரைமணி ஒரே சுரத்திற்கு உரியது. சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு, அமைதியினின்றும் எழுப்பி, வளர்த்து, மீண்டும் அமைதியிற் கொணர்ந்து விடுதல் வேண்டும். எம்மூரில் அரசலாறு கடலொடு கலக்கும் முகத்தருகே சென்று ஊதுதல் நன்று. அயலார் உறக்கங் கெடாது என்பதோடு, கடலோசையினிடையே தன் ஓசையைத் தான் கேட்கும் பழக்கமும் உண்டாகும். அதன்பின் சட்சமும் பஞ்சமமும் மாறிமாறிப் பிடித்தல், அதன்பின்னரே அளவுவரிசைகள், இறுதியில் உருப்படி. தேர்வாளர் முன் வைக்கும் எழுத்துச்சுரத்தைக் கண்டவுடன் வாசித்தலே நம்மவர்க்குப் பேரச்சம். அதற்கு மருந்து, நாள்தோறும் முன் காணாத நான்கு வரியை, முதலில் தாளம் மட்டும் தட்டிச் சொல்லி, பின் ஊதிப் பார்த்தலே. சொற்கட்டுச் சொல்லிப் பழகிய நாவிற்கு இது கடினமாகாது.

நாகசுரத்தினின்றும் கிளாரினெட்டிற்கு வருவோர் அறியவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. நாகசுரம் மேலே குறுகிக் கீழே அகன்ற உலவும் இரட்டைச் சீவாளியும் உடையது. அழுத்தி ஊதினால் ஓசை ஒரு தாயி மேலே செல்லும், விரல்வைப்பு மாறாது. கிளாரினெட்டோ பெரும்பாலும் ஒரே அளவான குழாயும் ஒற்றைச் சீவாளியும் உடையது. அதனை மேலே தாவச் செய்யின் ஒரு தாயியோடு நில்லாது அதற்கும் மேலுள்ள பஞ்சமத்திற் சென்று நிற்கும். ஆதலின் கீழ்த்தாயிக்கும் மேல்தாயிக்கும் விரல்வைப்பு வேறு வேறு. இதனை அறியாது முதல் நாளில் கருவியையே பழிப்பவர் உளர். அன்றியும், பேண்டிற் பெரும்பாலும் வழங்கும் கிளாரினெட்டில் ச என்று எழுதியதை ஊதினால் ஆறரைக் கட்டையில், அதாவது பி பிளாட்டில் ஒலிக்கும். ஆதார சட்சத்தை வேண்டுமிடத்தில் வைத்துப் பாடும் நமக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. மேனாட்டுமுறை மட்டும் பயின்ற நண்பரே தொடக்கத்தில் இடர்ப்படுகின்றனர்.

சீவாளியைப் பற்றியும் ஒரு சொல். இருவகைச் சீவாளியும் நாணலினத்தாவரத்தாற் செய்யப்படுவன. கார்மழைக் காலத்தில் நம் கடற்கரைக் காற்று நாணலை ஊதச் செய்துவிடும். வெயிற்காலத்து நிலக்காற்று உலர்த்திவிடும். தேர்வுக்கென ஒரே ஒரு நல்ல சீவாளியைப் பொதிந்து வைத்துக்கொண்டு செல்வோன் மழைநாளில் ஏமாறுவான். நாகசுரக்காரர் கருவியின் மேலே நூலிற் கோத்துத் தொங்கவிடும் சீவாளிகளும் ஊசியும் அழகிற்காக அல்ல. நாலைந்து சீவாளிகளை மாற்றி மாற்றிப் பழக்கி, அன்றைய காற்றிற்கு இசைந்ததை அன்று தெரிந்துகொள்ளும் அறிவு அவரிடம் கற்கத்தக்கது.

இங்ஙனம் ஒவ்வொரு படியிலும் நாகசுரப் பயிற்சியே துணைவருமாயின், அதனை முறையாகப் பயின்ற ஒருவர் இத்தேர்வில் முன்னிற்க வேண்டுமன்றோ? நிகழ்வது வேறு. திருநள்ளாற்றை அடுத்த சிற்றூரினின்றும் வந்த மாணவர் ஒருவர், இளமை முதல் நாகசுரம் பயின்றவர், சென்ற ஆண்டு தம் கருவியோடு தேர்வுக்குச் சென்றார். இது கலியாண வாத்தியம், பேண்டிற்கு ஆகாது எனக் கூறி, ஒரு சுரமுங் கேளாமல் அவரை அனுப்பிவிட்டனர். உடனிருந்தோர் சிலர் சிரித்தனர் என்றுங் கேள்வி. இவ்வாண்டு அவர் கடன் வாங்கிய கிளாரினெட்டிற் பயின்று வருகின்றார். அவ்வோரிடத்திற்குப் போட்டியிடுவோருள் யானும் ஒருவன். ஆதலின் இதனை எழுதுதல் எனக்கு இலாபமன்று என்பதைப் படிப்போர் உணர்வர்.

பேண்டிற்கு ஆகாது என்பதற்குக் கூறப்படும் காரணங்கள் ஆராயத்தக்கன. சுருதி ஒவ்வாது என்பர். பாரி நாகசுரம் இரண்டு அல்லது இரண்டரைக் கட்டையில் அமைவது. இரண்டரைக் கட்டை என்பது மேனாட்டார் ஈ பிளாட் என வழங்குஞ் சுரமே. பேண்டிலுள்ள ஆல்டோ சாக்சபோன் அமைந்திருப்பதும் அச்சுரத்திலேயே. ஓசை பெரிது என்பர். டிரம்பெட்டின் ஓசை சிறிதோ? எழுத்துச்சுரம் படிக்க அறியார் என்பர். அறியாததை ஆறு திங்களிற் கற்பிக்கலாம்; மூச்சையும் செவியையும் ஆறு திங்களிற் கொடுத்தல் எவராலும் இயலாது. இவற்றுள் ஓசை பற்றிய தடையில் ஓரளவு உண்மை உண்டென ஒப்புவேன். மூடிய மண்டபத்தில் நாகசுரம் மற்றவற்றை மூழ்கடித்துவிடும். ஆயினும் நம் பேண்டு பெரும்பாலும் திறந்தவெளியிலன்றோ வாசிக்கின்றது?

வரலாறும் அவர் பக்கமில்லை. தஞ்சையில் இரண்டாம் சரபோசி மன்னர் (1798-1832) காலத்திலேயே மேனாட்டு வாத்தியக் குழு அரண்மனையில் ஒலித்தது. சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில் மகாதேவ நட்டுவனார் கிளாரினெட்டைச் சதிர்க் கச்சேரியிற் புகுத்தினார். அக்கருவியையே முதன்மைக் கருவியாக்கி அரங்கில் ஏற்றிய ஏ. கே. சி. நடராஜன் அவர்கள் 2008இல் சங்கீத கலாநிதி விருதும் 2022இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். கர்நாடக நாட்டில் நாகசுரக் குடும்பத்திற் பிறந்த கத்ரி கோபால்நாத் (1949-2019) மைசூர் அரண்மனைப் பேண்டிற் கேட்ட சாக்சபோனில் மனம் பறிகொடுத்து, அதனை நம் இசைக்கு உரியதாக்கினார். 1994இல் இலண்டன் பிராம்சு விழாவிலும் வாசித்தார். சாக்சபோனும் நாகசுரம் போலக் கீழே அகன்ற உலவினது, தாயிக்குத் தாயி தாவுவது. நாகசுரமும் பேண்டும் ஒன்றற்கொன்று அயலல்ல என்பதற்கு இவை போதும்.

வாயிலில் எழுந்த சிரிப்பிற்குக் காரணம் சுருதியன்று, கட்டையுமன்று. நாகசுரம் இன்ன குலத்தார் தொழில், கூலிக்கு வாசிப்பது, மணப்பந்தலின் ஓரத்தில் இருப்பது என்னும் பழைய நினைப்பே அது. தெருவில் தேர்ப்பவனிக்கும் இறுதி ஊர்வலத்திற்கும் பேண்டு வாசிக்கும் ஏழை மக்களையும் இதே சிரிப்பு தொடர்கின்றது என்பதை நம் சபையார் மறத்தலாகாது. இராஜரத்தினம் பிள்ளை கிராப்புத் தலையும் மேனாட்டு உடையுமாக மேடையேறி அந்நினைப்பை எதிர்த்தார். மதுரை பொன்னுத்தாய் அம்மையார் ஆடவர்க்கே உரியதெனப்பட்ட அக்கருவியைக் கையிலெடுத்து மற்றொரு தடையைக் கடந்தார்.

கோயிற் கருவி நம்மவர்க்கு எதற்கு என்று வினவும் கிறிஸ்தவ நண்பரும் உளர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) கீர்த்தனைகளை எந்நாட்டு இராகத்திற் பாடினார்? தரங்கம்பாடியிலும் மாயூரத்திலும் முன்சீபாயிருந்த வேதநாயகம் பிள்ளை சர்வ சமய சமரசக் கீர்த்தனை இயற்றியது எம்மொழியில், எவ்விசையில்? 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டுத் தமிழிசையின் சுருதிகளை ஆராய்ந்த ஆபிரகாம் பண்டிதர் எச்சமயத்தவர்? இசுலாமியராகிய ஷேக் சின்ன மௌலானா அவர்கள் (1924-1999) திருவரங்கத்தில் வாழ்ந்து நாகசுரத்தாற் புகழ்பெற்றார். எம்மூரில் ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழாவும், மஸ்தான் சாகிபு கந்தூரியும், மாதா கோயில் தேர்ப்பவனியும் ஒரே வீதிகளிற் செல்கின்றன. காற்றுக்கு எந்த வீதியிலும் மதில் இல்லை.

ஆதலின் தேர்வுக் குழுவினர்க்குச் சில வேண்டுகோள் விடுக்கின்றேன். துளைக்கருவி எதுவாயினும் கேட்ட பின்னரே முடிவு கூறுக. முதலில் ஒரு சுரத்தைப் பதினைந்து நொடி நிறுத்தச் சொல்க. பின்னர் மெல்லிய நடையில் ஒரு பகுதி. அதன்பின் மற்றொருவரோடு சேர்ந்து வாசிக்கச் செய்து இணைவைக் காண்க. விரைவான உருப்படியை இறுதியிற் கேட்க. அமெரிக்க நாட்டுப் பெரிய இசைக்குழுக்கள் 1970ஆம் ஆண்டுகளினின்று ஊதுவோர் இன்னாரெனத் தெரியாதபடி தேர்வில் திரை கட்டுதலைக் கைக்கொண்டன. நமக்கும் அது வேண்டும். செலவு அஞ்சற்க, நாடகக் கழகத்தின் அறையில் மடித்துக் கிடக்கும் பழைய நீலத்திரை இரண்டு பேர் உயரம் வரும், மாணவர் இருவர் அதனை அரைமணியிற் கட்டிவிடுவர்.